ஐந்தாம் நாள்

மரத்தவளை நுரையில் கட்டிய கூடு
செஞ்சைப் பக்கத்து ஊருணிக்கு மேலே
எருக்கஞ்செடியில் தொங்கியது.
கிளையோடு வெட்டி, எவர்சில்வர் தூக்கில் வைத்து
டவுன்பஸ்ஸில் கொண்டுவந்தேன்.
கண்டக்டர் எட்டிப் பார்த்தார்: இட்லி மாவா?
ஆமாம் என்றேன்.
அது முழுப்பொய்யும் இல்லை.

தலைப்பிரட்டைகளுக்கு அரைக்கீரை வேகவைத்துப் போட்டேன்.
பின்னங்கால் முளைத்தது,
கடுகளவு, பிறகு அரிசிக்குருணை.
மயக்கமருந்தில் மிதக்கவிட்டு
பிளேடால் நறுக்கினேன்.
ஆளுக்கு ஒன்று, நூற்றிருபது கால்.
எண்ணிக்கையை எழுதினேன்.
கை நடுங்கவில்லை என்பதையும்
எழுதியிருக்க வேண்டும்.

முதல் இரவே தோல் ஓடிவந்து மூடுகிறது.
அடியில் அமிலப் பாஸ்படேஸ்
வீடு பிரிக்கும் கொத்தனாரைப்போல
சட்டம் வேறு, உத்தரம் வேறு என்று கழற்றுகிறது.
தசை, தசையாக இருப்பதை நிறுத்துகிறது.
குருத்தெலும்பும் அப்படியே.
தன் தன் பேரைக் கழற்றி வைத்துவிட்டு
எல்லாம் வெறும் செல்லாக
நுனியில் வந்து குவிகின்றன.

ரத்தக்குழாய் இன்னும் எட்டவில்லை அங்கே.
மூச்சுக்குக் காற்றுப் போதாது.
சர்க்கரையைப் பாதி எரித்தே
பிழைக்கத் தெரிந்த கூட்டம்.
மிச்சம் விழுவது லாக்டிக் அமிலம்,
தயிரில் இருக்கிற அதே புளிப்பு.
உறை ஊற்றிய பாலைப்போல
இருட்டில் ஒரு கால்
புளித்துக்கொண்டிருக்கிறது.
அந்தப் புளிப்பை உண்டாக்கும் நொதியைத்தான்
அளக்க வேண்டும்,
குளிரில் வைத்து, விடியுமுன்.

பதினொன்றரைக்குக் கரண்ட் போனது.
கழனிவாசலில் இதாயத்துல்லா மீன்கடை ஷட்டரைத் தட்டினேன்.
"இந்நேரத்துக்கு ஐஸா? கல்யாண வீடா?"
"இல்லைங்க. என்சைம்."
"எதுவோ. கெடாம இருந்தாச் சரி."
நெத்திலி வாடையோடு ஒரு பாளம் உடைத்துத் தந்தார்.
காசு வேண்டாம் என்றார்.

அரைத்த திசுவை அதில் புதைத்து
மெழுகுவத்தியோடு உட்கார்ந்திருக்க
போன் மினுங்கியது.
தேவகோட்டைத் தரகர், குரல்செய்தி, இரண்டாம் தடவை:
"எந்தக் கோயில், எந்தப் பிரிவு,
பிறந்த நேரம் எல்லாம் அனுப்பிரு உமையா.
படிப்பு முடிஞ்சிருச்சா, அதையும் சொல்லு ஆத்தா."

குழாயைக் குனிந்து பார்த்துக் கேட்டேன்:
எந்தக் கோயில்?
அசைவில்லை.
வெட்டாமல் தொட்டியில் விட்ட இதன் சோதரங்கள்
இன்னும் நாலைந்து நாளில்
தங்களுக்குள் கூடி
முழங்கால் எங்கே, விரல் எத்தனை என்று
முடிவு கட்டிவிடும்.
யாரும் வந்து வட்டகை கேட்கப்போவதில்லை.

எங்கள் கணக்கில்
கல்யாணம் ஆனால்தான் ஒரு புள்ளி.
முப்பத்தொன்றில் நான் இன்னும் புள்ளி இல்லை.
கோயில் வரி கேட்டு என் பேருக்குச் சீட்டு வராது,
அந்த வகையில் லாபம்.

மூன்றேமுக்காலுக்கு விளக்கு எரிந்தது.
கருவி சூடேறக் கால்மணி நேரம்.
பிறகு கட்டத்தாளில்
ஐந்தாம் நாளுக்கு நேராக
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.
முந்தைய நாலையும் விட
மூன்று கட்டம் உயரத்தில்.

மூன்றாம் தொட்டியைப் பற்றிச் சொல்லவில்லை.
அதில் இருந்தவை வால் சுருங்கத் தொடங்கியவை,
கிட்டத்தட்டத் தவளைகள்.
அதே பிளேடு, அதே தண்ணீர்.
காயம் சுத்தமாக ஆறியது, சீக்கிரமாக.
புளிப்பு ஏறவில்லை.
கால் வரவேண்டிய இடத்தில்
ஒரு முள் மட்டும் நின்றது.
ஏன் என்று கைடு கேட்டார்.
ஆறத் தெரிந்தவை வளர மறந்துவிட்டன
என்று ஆய்வறிக்கையில் எழுத முடியாது.
"தைராய்டு சுரப்பு காரணமாகலாம்" என்று எழுதினேன்.

இன்று காலை அந்தத் தொட்டியில் ஒன்று குறைந்தது.
மூடி விலகியிருந்தது.
தேடினால்,
டியூப்லைட்டுக்குக் கீழே சுவரில் ஒட்டிக்கொண்டு,
முள்ளுக்கால் பின்னால் நீட்டியபடி,
ஈசல் தின்றுகொண்டிருந்தது.
குறிப்பேட்டில் "தப்பியது" என்று போட்டேன்.
ஸ்டூல் பக்கத்திலேயேதான் இருந்தது.
இன்னும் பிடிக்கவில்லை.